நிழல் திண்ணை ஏறும் வரை

எமர்ஜென்சிக்கு முந்தின கோடையில் என் அத்தைக்கு ஒரு வைத்தியர் வெயிலை மருந்தாகச் சொன்னார். அப்போது அத்தைக்குப் பத்தொன்பது வயது. சேந்தமங்கலம் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. இடது மணிக்கட்டுக்கு மேலே மிளகு அளவில் தொடங்கிய வெள்ளைப் புள்ளி ஆறு மாதத்தில் வெற்றிலை அளவுக்குப் பரவியிருந்தது. ஊரில் அதற்கு அன்று ஒரே பெயர்தான், வெண்குஷ்டம். தொழுநோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பெயரிலேயே குஷ்டம் இருந்தது. அந்தப் பெயரைக் கைவிட்டு வெண்புள்ளி என்றே சொல்ல வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது 2010இல்தான்.

வைத்தியர் கொடுத்தது கார்போகரிசி போட்டுக் காய்ச்சிய எண்ணெய். பத்தியம் ஒரு பக்கம் இருக்க, அவர் முக்கியமாகச் சொன்னது நேரக்கணக்கு. அத்தை இன்றும் அதை அப்படியே ஒப்பிப்பார்: "மூணு மணிக்கு மேல எண்ணெயத் தடவிக்கிட்டுப் பின்வாசல்ல உட்காரணும் கண்ணு. எதிர்ச்சுவரு நிழலு திண்ணை ஏறுனதும் எந்திரிச்சு உள்ள வந்தரணும். அதுக்கு மேல ஒரு நிமிசம் இருக்கக் கூடாது."

இரண்டு மாதத்தில் வெள்ளைக்குள் ஊசிமுனை போலக் கரும்புள்ளிகள் வரத் தொடங்கின, ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் ஒன்று. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நேரம் பார்த்து ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வருவதற்குள் முழுதும் மாறிவிடட்டும் என்று அத்தை ஒருநாள் உச்சி வெயிலில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கை முழுக்கக் கொப்புளம். புண் ஆறி, தோல் சுருங்கி, கையில் நிரந்தரமாக ஒரு தழும்பு விழுந்தது. வரன் வரவில்லை.

போன வருடம் அந்தத் தழும்பின் மேல் ஒரு சிறு புண் வந்தது. மூன்று மாதமாகியும் ஆறவில்லை. பழைய தீப்புண் தழும்பில் எப்போதாவது புற்று வரும், நம் நாட்டுத் தோல் புற்றுகளில் அதற்கு ஒரு பங்கு உண்டு என்று சொல்லி, மருத்துவர் சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார். முடிவு வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். மருத்துவமனை வராந்தாவில் அத்தை கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. "மருந்துன்னு சொல்லித்தானே வெயில்ல உட்கார வச்சாங்க. அந்த வெயிலே இப்ப இதக் குடுத்துருச்சா?"

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு பிழை எங்கே நுழைந்தது என்று பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போவது என் அன்றாட வேலை. அந்த ஒன்பது நாளும் அதைத்தான் செய்தேன்.

*

கார்போகரிசி சிறுநீரக வடிவில் இருக்கும் சின்னக் கரிய விதை. சம்ஸ்கிருதத்தில் பாகுசி என்பார்கள். சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் வெண்புள்ளிக்கு நெடுங்காலமாகக் கையாண்ட பொருள். இதைப் போலவே எகிப்தில், நைல் நதிக்கரையில் வளரும் வேறொரு செடியின் விதையைத் தின்றுவிட்டு வெயிலில் நிற்கும் வழக்கம் இருந்தது. ஆத்ரில்லால் என்ற பெயரில் அது விற்கப்பட்டதைப் 13ஆம் நூற்றாண்டு அரபு மருந்து நூலாசிரியர் இப்னு அல்-பைத்தார் எழுதியிருக்கிறார். வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு செடிகள், ஒன்றுக்கொன்று தூரமான இரண்டு தேசங்கள். இரண்டு இடத்திலும் ஒரே குறிப்பு: மருந்து மட்டும் போதாது, வெயில் வேண்டும்.

நவீன ஆய்வகம் இந்த விதையை 1927இல் கையில் எடுத்தது. கல்கத்தாவில் ராம்நாத் சோப்ரா அதன் உட்பொருள்களையும் குணங்களையும் பற்றி எழுதினார். 1933இல் ஜோய்ஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் ஆகிய மூன்று இந்திய வேதியியலாளர்கள் விதையிலிருந்து ஒரு பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் சோராலென். 1940களின் இறுதியில் கெய்ரோ மருத்துவர் அப்தெல் மோனெம் எல் மொஃப்தி, எகிப்தியச் செடியிலிருந்து எடுத்த தூய சோராலென் வகைகளை வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார்.

சோராலென் ஒரு தட்டையான மூலக்கூறு. செல்லுக்குள் போய் டிஎன்ஏ ஏணியின் படிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு சும்மா இருக்கும். நீண்ட அலை புற ஊதாக் கதிர் பட்டதும் விழித்து, ஏணியின் இரண்டு கால்களையும் சேர்த்து ஆணி அடித்துவிடும். வைத்தியரின் எண்ணெய்க்கு வெயில் ஏன் தேவைப்பட்டது என்பதற்கும், அரைமணி நேர உச்சி வெயில் ஏன் கையைப் பொசுக்கியது என்பதற்கும் இந்த ஒரே வினைதான் காரணம். சேந்தமங்கலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அங்கே நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சிக்கு வந்துவிடும். ஆளின் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். கதிர்கள் காற்று மண்டலத்தைக் குறுக்குவழியில் கடந்து வருவதால் புற ஊதா மிகுந்திருக்கும் வேளை அது. சுவர் நிழல் நீண்டு திண்ணை ஏறுகிற மாலையில் அதே கதிர்கள் சாய்ந்து நெடுந்தூரம் காற்றில் நடந்து வருகின்றன, வழியிலேயே பெரும்பகுதி வடிந்துவிடும். வைத்தியரிடம் எந்த மீட்டரும் கிடையாது. அவர் அளவுக்கோலாக வைத்திருந்தது அந்த நிழலைத்தான்.

1974இல் ஹார்வர்டைச் சேர்ந்த பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், டானன்பாம், பதக் நால்வரும் சோராலென் மாத்திரையையும் புற ஊதா விளக்குப் பெட்டியையும் சேர்த்து சோரியாசிஸ் நோயை அடக்கிக் காட்டினார்கள். இவர்களில் மதுகர் பதக் இந்தியாவிலிருந்து போனவர். இந்திய, எகிப்தியச் செடிகளின் பழங்கதையை 1959லேயே ஃபிட்ஸ்பாட்ரிக்குடன் சேர்ந்து விரிவாக எழுதியவர். இந்தச் சிகிச்சை பூவா என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. கார்போகரிசியும் பின்வாசல் வெயிலும் மாத்திரையும் மின்விளக்குமாக மாறியிருந்தன, அவ்வளவுதான்.

*

அதே 1974இல் அமெரிக்காவின் யூட்டாவில் மார்கரெட் கிரிப்கி என்ற இளம் ஆய்வாளர் எலிகளோடு ஒரு புதிரில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் புதிரைப் புரிந்துகொள்ள அன்றைய சண்டை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடலில் அவ்வப்போது புற்று செல்கள் தோன்றிக்கொண்டேதான் இருக்கின்றன, தடுப்பாற்றல் அவற்றை முளையிலேயே கண்டு அழிக்கிறது என்ற கருத்தை 1950களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட் முன்வைத்தார். கேட்க நன்றாக இருந்தது. சான்றுதான் போதவில்லை. 1974இல் ஓசியாஸ் ஸ்டுட்மன், தைமஸ் சுரப்பி இல்லாமல் பிறக்கும் ரோமமற்ற எலிகளுக்குப் புற்றூக்கி வேதிப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார். காவல் குறைந்த அந்த எலிகளுக்கு மற்ற எலிகளைவிட அதிகமாகக் கட்டி வரவில்லை. காவல்காரன் என்று ஒருவனே கிடையாது போலிருக்கிறது என்று பலரும் அந்தக் கோட்பாட்டைக் கைகழுவினார்கள்.

கிரிப்கி எலிகளின் முதுகில் மாதக்கணக்கில் புற ஊதா விளக்கைக் காட்டித் தோலில் கட்டிகளை வரவழைத்தார். அந்தக் கட்டியை வெட்டி, அதே இனப்பெருக்கத் தொடரைச் சேர்ந்த, மரபில் ஒன்றுபோலவே இருக்கும் ஆரோக்கியமான எலிக்குள் வைத்தார். சொந்த உடல் திசு போன்றதுதான், வளர்ந்திருக்க வேண்டும். வளரவில்லை. பெரும்பாலான கட்டிகளை அந்த எலிகள் நிராகரித்துக் கரைத்துவிட்டன. தடுப்பாற்றலை மருந்தால் ஒடுக்கிய எலிகளில் மட்டும் அதே கட்டிகள் கொழுத்து வளர்ந்தன.

அப்படியானால் இந்தக் கட்டிகள் அப்பட்டமாக அந்நியமானவை. சாதாரணக் காவலுக்கே கண்ணில் படக்கூடியவை. கேள்வி இப்போது தலைகீழானது. இவ்வளவு எளிதாகப் பிடிபடக்கூடிய கள்ளன், முதலில் பிறந்த எலியின் முதுகில் மட்டும் எப்படி நிம்மதியாக வளர்ந்தான்?

விடை தேட மைக்கேல் ஃபிஷரும் கிரிப்கியும் இன்னொரு சோதனை செய்தார்கள். கட்டி வரும் அளவுக்கு அல்ல, அதற்கு மிகக் குறைவாக, சில வாரங்கள் மட்டும் எலிகளுக்குப் புற ஊதா காட்டினார்கள். தோலில் எதுவும் தெரியவில்லை. அந்த எலிகளுக்குள் கட்டியை வைத்தபோது அவை நிராகரிக்கவில்லை. விளக்கே படாத இடத்தில் வைத்தாலும் கட்டி வளர்ந்தது. அடுத்து அந்த எலிகளின் நிணநீர் செல்களை எடுத்து வேறு எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அவையும் கட்டியை எதிர்க்க மறந்தன. 1977இலிருந்து வெளியான இந்த முடிவுகளின் சாரம் இதுதான்: வெயில் இரண்டு வேலை செய்கிறது. தோல் செல்லின் டிஎன்ஏவைக் கெடுத்துக் கள்ளனை உண்டாக்குகிறது. கூடவே அந்தக் கள்ளனைப் பிடிக்க வேண்டிய காவல்காரனிடம் "இவன் நம்ம ஆளுதான், விடு" என்றும் சொல்லிவிடுகிறது.

*

வெயில் அதை யார் மூலம் சொல்கிறது என்று கண்டுபிடிக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

1868இல் பெர்லினில் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற இருபத்தொரு வயது மருத்துவ மாணவர் மனிதத் தோலைத் தங்கக் குளோரைடில் ஊறவைத்துப் பார்த்தார். மேல்தோலுக்குள் கிளை கிளையாகக் கை நீட்டிய செல்கள் தெரிந்தன. அவற்றை நரம்பு செல்கள் என்று நினைத்தார். நூறு வருடம் கழித்து, 1970களில்தான் அவை தடுப்பாற்றலின் ஊர்த்தலையாரிகள் என்பது தெரிந்தது. தோலுக்குள் புதிதாக எது நுழைந்தாலும் அதன் துண்டைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் டி செல்களிடம் காட்டுவது இவற்றின் வேலை. புற ஊதா பட்ட தோலில் இந்தத் தலையாரிகள் குறைந்துபோகிறார்கள். அவர்கள் குறைவாக உள்ள தோலில் ஒரு புதிய வேதிப்பொருளைத் தடவினால், உடல் அதை எதிர்க்கக் கற்பதில்லை. 1980இல் ஸ்ட்ரைலைன், பெர்க்ஸ்ட்ரெஸ்ஸர், டோவ்ஸ் மூவரும் காட்டியது இது. கற்காமல் விடுவதோடு அது நிற்கவில்லை, பொறுத்துக்கொள்ளவும் கற்றுக்கொள்கிறது.

1983இல் டி ஃபாபோவும் ஃபிரான்சிஸ் நூனனும் இன்னொரு தூதனைச் சுட்டினார்கள். தோலின் இறந்த மேலடுக்கில் யூரோகானிக் அமிலம் என்ற பொருள் நிறைய இருக்கிறது. புற ஊதா பட்டால் அதன் வடிவம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திரும்பிக்கொள்கிறது. திரும்பிய வடிவம் தடுப்பாற்றலை அடக்குகிறது. 1992இல் கிரிப்கியின் குழு மூன்றாவது தூதனைக் கண்டது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றிலிருந்து எடுத்த டிஎன்ஏ பழுதுநீக்கும் நொதியைக் கொழுப்புக் குமிழ்களில் அடைத்து, விளக்கு பட்ட எலித் தோலில் தடவினார்கள். டிஎன்ஏ பழுது குறைந்தது, எதிர்ப்பு அடங்கிப்போவதும் நின்றது. அதாவது டிஎன்ஏவில் விழும் அடியே காவலைத் தூங்கவைக்கும் சமிக்ஞைகளில் ஒன்று.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி வேறு. கட்டியை எதிர்க்க மறக்கவைத்த அந்த நிணநீர் செல்களுக்கு அன்று அடக்கும் டி செல்கள் என்று பெயர். 1980களில் அந்தப் பெயரே கெட்டுப்போனது. அவற்றுக்கான மரபணு இருப்பதாகச் சொல்லப்பட்ட இடத்தில் தேடினால் எதுவுமே இல்லை. அப்படி ஒரு செல்லே கிடையாது என்று துறையே முகம் திருப்பிக்கொண்டது. 1995இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி வேறு வழியாக வந்து, தடுப்பாற்றலைக் கட்டுக்குள் வைக்கும் டி செல்களைத் தெளிவான அடையாளத்தோடு காட்டினார். 2025 மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் கிடைத்தது. ஸ்டுட்மனின் எலிகள் முழுக்கக் காவலற்றவை அல்ல என்பதும் பின்னால் புரிந்தது. டி, பி செல்கள் அறவே இல்லாத எலிகளில் கட்டிகள் அதிகம் தோன்றுவதை 2001இல் ராபர்ட் ஷ்ரைபரின் குழு காட்டியது. பர்னெட்டின் காவல்காரன் மறுபடி வேலைக்கு வந்தான்.

*

இவை எலிக் கதைகள். மனிதருக்கு?

1990இல் மயாமியில் செய்த சோதனை எளிமையானது. புற ஊதா காட்டிய தோலில் ஒவ்வாமை தரும் ஒரு வேதிப்பொருளைத் தடவி, உடல் அதற்கு எதிர்வினை காட்டக் கற்கிறதா என்று பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்குக் கற்கும் திறன் அடங்கிப்போனது. தோல் புற்று வந்தவர்களில் அது 92 சதவீதம். வெயிலில் யாருடைய காவல் சீக்கிரம் தூங்குகிறதோ அவருக்குப் புற்று வரும் வாய்ப்பு அதிகம் என்று அந்த எண்கள் சொல்லின.

மறுவருடம் அதே குழு கருத்த தோல் உள்ளவர்களையும் சோதித்தது. இந்த இடத்தில் நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று கேட்டே வளர்ந்தவன் நான். அதில் பாதி உண்மை. மெலனின் என்ற கருநிறம் டிஎன்ஏவுக்குக் குடை பிடிக்கிறது. இந்தியாவில் வரும் புற்றுகளில் தோல் புற்றின் பங்கு மிகச் சிறியது. ஆனால் தடுப்பாற்றல் அடங்குவதைப் பொறுத்தவரை கருத்த தோலும் வெளுத்த தோலும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. கள்ளர்கள் நம் தோலில் குறைவாக உருவாகிறார்கள். நம் காவல்காரருக்கும் வெயிலில் தூக்கம் வரத்தான் செய்கிறது.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உறுப்பு மாற்று சிகிச்சை காட்டியது. மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க ஆயுள் முழுக்கத் தடுப்பாற்றலை அடக்கும் மாத்திரை போட வேண்டும். நார்வேயில் சிறுநீரகமும் இதயமும் மாற்றிக்கொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒருவகைத் தோல் புற்று மற்றவர்களைவிட 65 மடங்கு அதிகம் வந்திருந்தது. செதிள் செல் புற்று என்று அதைச் சொல்கிறார்கள். பூவா சிகிச்சை பெற்ற 1,380 சோரியாசிஸ் நோயாளிகளை அமெரிக்காவில் 16 மையங்கள் 1975 முதல் பின்தொடர்ந்தன. 1979லேயே முதல் எச்சரிக்கை வெளியானது. அவர்களிடமும் பெருகியது அதே செதிள் செல் புற்று. அத்தையின் சதைத் துணுக்கை அனுப்பிய சீட்டில் மருத்துவர் சந்தேகத்துக்கு எழுதியிருந்ததும் அதே பெயர்தான்.

அன்று ஐந்தாம் நாள். இரவு இரண்டு மணி. மடிக்கணினியை மூடிவிட்டேன்.

*

மறுநாள் வேறொரு கேள்வியோடு திறந்தேன். பூவா கணக்கு சோரியாசிஸ்காரர்களுடையது. வெண்புள்ளிக்காரர்களின் கணக்கு என்ன?

வெண்புள்ளி எப்படி வருகிறது என்பது அத்தையின் வைத்தியருக்கும் தெரியாது, அன்றைய ஹார்வர்டுக்கும் சரியாகத் தெரியாது. இன்று தெரியும். மெலனின் தயாரிக்கும் செல்களை நம் டி செல்களே தேடிப்போய்க் கொல்கின்றன. எங்கள் வேலையில் இதைத் தவறான எச்சரிக்கை என்போம். காவல்காரன் தூங்கவில்லை, ரொம்பவே விழித்திருக்கிறான், வீட்டுக்காரனையே கள்ளன் என்று அடிக்கிறான். அந்த மெலனின் செல்கள் கெட்டுப்போனால் வருவதுதான் மெலனோமா என்ற கொடிய புற்று. நெதர்லாந்தில் 2013இல் வெளியான ஆய்வில், வெண்புள்ளி உள்ளவர்களுக்கு மெலனோமாவும் பிற தோல் புற்றுகளும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தது. மெலனோமா நோயாளிகளுக்கு இன்று தடுப்பாற்றலைத் தட்டியெழுப்பும் மருந்து கொடுக்கிறார்கள். சிலருக்கு அப்போது தோலில் வெள்ளைத் திட்டுகள் வருகின்றன. அதைப் பார்த்து மருத்துவர்கள் கவலைப்படுவதில்லை. மருந்து வேலை செய்கிறது என்பதன் அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

வைத்தியரின் வெயில் செய்த வேலை இப்போது முழுசாகப் புரிகிறது. அது வெறியோடு அடித்துக்கொண்டிருந்த காவல்காரனைக் கொஞ்சம் அசரவைத்தது. அந்த அசதியில், அடிவாங்காமல் மயிர்க்காலுக்குள் ஒளிந்திருந்த மெலனின் செல்களின் வித்துகள் வெளியே வந்து குடியேறின. அத்தை கையில் முளைத்த ஊசிமுனைக் கரும்புள்ளிகள் அவைதான். கிரிப்கியின் எலிகளைக் காவு கொடுத்ததும் அத்தையின் கையைக் கருப்பாக்கியதும் ஒரே தூக்கம். எவ்வளவு நேரம் தூங்கவிட்டோம் என்பதில்தான் வித்தியாசம்.

அதனால்தான் இன்றைய சிகிச்சையில் எண்ணெயும் இல்லை, சோராலெனும் பெரும்பாலும் இல்லை. 1997இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய வழக்கப்படி, 311 நானோமீட்டர் என்ற குறுகிய அலைநீளத்தை மட்டும் தரும் விளக்கின் முன்னால், கண்ணை மூடி, நொடிக் கணக்கில் நிற்க வைக்கிறார்கள். தோல் சிவக்காத சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுகிறார்கள். ஸ்காட்லாந்தில் இவ்வகை விளக்கில் நின்ற 3,867 பேரைப் பற்றி 2008இல் வெளியான கணக்கில் தோல் புற்று குறிப்பிடும்படி கூடவில்லை. ஆனாலும் எத்தனை தடவை, எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் கணக்கு எழுதி வைக்கச் சொல்கிறார்கள். வீட்டில் தானாகக் கார்போகரிசி எண்ணெய் தடவி வெயிலில் நிற்பதைத் தோல் மருத்துவர்கள் வேண்டாம் என்பதும் இதனால்தான். ஒரு விதைக்கும் இன்னொரு விதைக்கும் சோராலென் அளவு வேறு, ஒரு மணிக்கும் இன்னொரு மணிக்கும் வெயில் வேறு.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. புற்று இல்லை. நாள்பட்ட அழற்சி என்று எழுதியிருந்தது. மருந்து போட்டு ஆறு வாரத்தில் புண் ஆறிவிட்டது. தழும்பில் மறுபடி ஏதாவது வந்தால் காத்திருக்காமல் வரச் சொன்னார்கள்.

சேந்தமங்கலம் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எலி, காவல்காரன், தூக்கம் என்று எனக்குத் தெரிந்த மாதிரி. வாசல் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப வைத்தியரு சொன்னது தப்பில்ல."

"தப்பில்லைங்க அத்தை. நிழல் ஏறுனதும் உள்ள வரச் சொன்னாரே, அதுலதான் எல்லாமே இருந்துச்சு."

"நாந்தான் பேராசப்பட்டு உச்சியில போய் உக்காந்தேன்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். "பேராசைன்னும் சொல்ல முடியாது கண்ணு. பொண்ணு பாக்க வர்றதுக்கு எட்டு நாளுதான் இருந்துச்சு."

எதிரே மதிற்சுவரின் நிழல் முற்றத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அது திண்ணையைத் தொட இன்னும் ஒரு சாண் இருக்கும்போதே அத்தை எழுந்து உள்ளே போனார். ஐம்பது வருடப் பழக்கம்.